அக்கா வீட்டுக் குரங்கும் மனோதர்மப் பரீட்சையும்

போன வியாழக்கிழமை எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். என் வகுப்புப் புள்ளைங்கள, நான் சொல்லிக்கொடுக்காத எதையாச்சும் ஆட வைக்கணும். அம்புட்டுத்தான்.

கேக்கிறதுக்கு எம்புட்டு லேசா இருக்கு!

நான் திண்டுக்கல்லுக்கு வெளிய ஒரு பல்கலைக்கழகத்துல நாட்டியம் சொல்லிக்கொடுக்கிறேன். அடவுன்னா என் புள்ளைங்க அப்படி ஒரு சுத்தம். கை எங்க நிக்கணும், கண்ணு எங்க போகணும், எல்லாம் அளந்து வச்ச மாதிரி இருக்கும். ஆனா "இப்ப உங்களுக்குத் தோணுறத ஆடுங்க"ன்னு சொல்லிட்டா போதும். கரண்ட் போன மிக்ஸி மாதிரி அப்படியே நின்னுருவாங்க.

அப்படித் தோணுறத ஆடுறதுக்குத்தான் மனோதர்மம்னு பேரு. முன்கூட்டி எதையும் யோசிச்சு வைக்காம, அந்த நேரத்துல மனசு போற போக்குல ஆடணும். இதைத் தனிப் பேப்பரா வைக்கணும்னு சண்டை போட்டு சிலபஸ்ல சேர்த்தவ நான். எங்க துறைத் தலைவர் அருள்தாஸ் சாருக்கு ஆரம்பத்துல இருந்தே இதுல இஷ்டமில்ல.

"யோசிக்காம ஆடுறதுக்கு எதுக்கு மேடம் காலேஜுக்கு வரணும்? பேசாம தியரி ஆக்கிருவோம். எழுதிட்டுப் போகட்டும்"பார்.

அன்னைக்குப் பதினொரு மணிக்கு வெளியூர்ல இருந்து எக்ஸாமினர் வர்றாங்க. புள்ளைங்க ஆடிட்டா பேப்பர் பிழைக்கும். முழிச்சிக்கிட்டு நின்னா தியரி. சார் அதை என்கிட்ட ரொம்ப மரியாதையாச் சொல்லிட்டுப் போயிட்டார்.

அதனால பத்து மணிக்கே ஹாலைத் திறந்து, எட்டுப் பேரையும் பயிற்சிக்கு நிக்க வச்சேன்.

வெறும் தம்புரா சத்தத்தை ஸ்பீக்கர்ல போட்டு, "ம்... ஆடுங்க"ன்னேன்.

எல்லாரும் மணிமேகலையைப் பாத்தாங்க. மணிமேகலை எங்க கிளாஸ்லயே நல்லா ஆடுற பொண்ணு. அவ கையைத் தூக்கினா. எல்லாரும் தூக்கினாங்க. அவ காலை மடக்கினா. எல்லாரும் மடக்கினாங்க. அவளுக்கு மூக்கு அரிச்சிருக்கு போல, சொறிஞ்சுக்கிட்டா.

பின்வரிசையில ரெண்டு பேரு மூக்கைத் தொட்டாங்க!

"ஏம்மா, அவளையே ஏன் பாக்குறீங்க?"

"அவ சரியாப் பண்ணுவா மிஸ்."

"இதுல சரி தப்புன்னே ஒண்ணு கிடையாதும்மா!"

பிரவீணா மெதுவாக் கையைத் தூக்கினா. "அப்ப மார்க்கு எதை வச்சு மிஸ் போடுவாங்க?"

நல்ல கேள்வி. நான் உடனே, "எல்லாரும் போய்த் தண்ணி குடிச்சிட்டு வாங்க"ன்னு சொல்லிட்டேன்.

பிரவீணாவைப் பத்திச் சொல்லணும். செம்பட்டிப் பக்கம் பூ விவசாயம் பண்ற வீட்டுப் பொண்ணு. ஒரு தடவை மேடையில கால் மாறிப் போச்சுன்னு ஹாஸ்டலுக்குப் போய்ச் சாப்பிடாமப் படுத்துக்கிட்டவ. அவ ஆடும்போது பாத்தா, கண்ணாடிச் சாமானைத் தலையில தூக்கிட்டுப் போற மாதிரியே இருக்கும். எனக்கு அவளை நினைச்சாத்தான் கவலை.

தண்ணி குடிச்சிட்டு வர்றதுக்குள்ள எனக்கு ஒரு யோசனை வந்துருச்சு. (எனக்கு யோசனை வர்றப்பதான் வீட்ல எல்லாரும் பயப்படுவாங்க.)

"எல்லாரும் துப்பட்டாவை எடுங்க. கண்ணைக் கட்டிக்கங்க. யாரும் யாரையும் பாக்க முடியாது. எந்தச் சத்தம் வந்தாலும் அந்தச் சத்தத்துக்கு ஆடணும். நாற்காலி விழுந்தாலும் சரி, வெளிய பஸ் ஹாரன் அடிச்சாலும் சரி. எதுக்கும் நிறுத்தக் கூடாது. நானே நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தக் கூடாது!"

கடைசி வாக்கியத்தை நான் சொல்லியிருக்க வேண்டாம்.

நடுவுல போன் அடிக்கக் கூடாதுன்னு எல்லார் போனையும் வாங்கி பீரோவுக்குள்ள வச்சுப் பூட்டினேன். முன்மாதிரியா இருக்கணுமேன்னு என் போனையும் உள்ள போட்டேன். பாட்டு அதுல இருந்துதான் ப்ளூடூத்ல ஸ்பீக்கருக்கு வருது. பூட்டினாலும் பாடும்.

எல்லாரும் கண்ணைக் கட்டிட்டாங்க. பிரவீணா மட்டும் நின்னா.

"நாங்க பாக்க மாட்டோம். நீங்க பாப்பீங்கல்ல மிஸ்?"

அதைக் கேட்டதும் எனக்குச் சுருக்குன்னுச்சு. இம்புட்டு நாளா அவங்க பயந்தது தப்புக்கு இல்ல, என் கண்ணுக்கு.

"சரி. எனக்கும் கட்டிவிடு"ன்னு திரும்பி உக்காந்தேன்.

மணிமேகலை கட்டை அவிழ்த்துட்டு ஓடி வந்தா. "நான் கட்டுறேன் மிஸ். எங்க வீட்ல கன்னுக்குட்டிக்கு இப்படித்தான் கட்டுவோம். அது என்ன இழுத்தாலும் அவுராது!"

பெருமையாச் சொன்னா. நானும் பெருமையாத் தலையைக் காட்டினேன். என் கொண்டை மயிரையும் சேர்த்து இறுக்கிட்டா. "நாங்களும் கட்டிட்டோம் மிஸ்"னு அவளும் பிரவீணாவும் சொன்னாங்க.

தம்புரா சத்தம். இருட்டு. ஹாலுக்குள்ள ஒரு கால் அசையுற சத்தம் இல்ல. பார்வை போனதும் காது கூர்மையாயிரும்னு சொல்லுவாங்க. எனக்கு எட்டுப் பேரு பயந்து மூச்சு விடுறது மட்டும் துல்லியமாக் கேட்டுச்சு.

அப்பத்தான் தம்புரா நின்னு, மணி அடிச்சது. போன் மணி. ஸ்பீக்கர்ல!

இங்க ஒரு விஷயம். வண்டி ஓட்டும்போது நான் போனைத் தொடக் கூடாதுன்னு என் வீட்டுக்காரர் அக்கறையா ஒரு வேலை பண்ணி வச்சிருந்தார். ஹெல்மெட்டுல ப்ளூடூத் மாட்டி, யார் கூப்பிட்டாலும் போன் தானா எடுத்துக்கிற மாதிரி. அது ஹெல்மெட்டா ஸ்பீக்கரான்னு போனுக்கு என்ன தெரியும்? எடுத்துருச்சு. ஸ்பீக்கர்லயே மைக்கும் இருக்கு.

"அலோ! ஸ்டெல்லா!"

என் பெரியக்கா ஜெசிந்தா. கன்னிவாடியில ஸ்கூல் டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவ. மைக் வாங்கிக் கொடுத்தும் வேணாம்னவ.

"என்னடி சத்தத்தையே காணோம்? சரி, செத்த நேரம் நான் பேசுறேன், நீ கேளு. நான் பன்னண்டு மணி பஸ்ஸுக்கு நாகல் நகர் உன் வீட்டுக்கு வாரேன். நீ சோத்த மட்டும் வடிச்சு வையி. வெஞ்சனம் நான் கொண்டாறேன். கத்திரிக்கா பலாக்கொட்ட பொரியல் பண்ணிருக்கேன். அம்புட்டு வாசமா இருக்கு!"

"அக்கா, போனை வையி!"ன்னு கத்தினேன்.

"எங்க வைக்க? அடுப்படியிலதான் வச்சிருக்கேன், பேசு."

எட்டுப் பேருல யாரோ ஒருத்தர் கால் தரையில உரசுச்சு. அப்புறம் இன்னொண்ணு. ஐயோ! ஆட ஆரம்பிச்சிட்டாங்க! எந்தச் சத்தம் வந்தாலும் ஆடணும்னு நான்தானே சொன்னேன்!

நான் எந்திரிச்சு முடிச்சைப் பிடிச்சு இழுத்தேன். கன்னுக்குட்டியோட கஷ்டம் அப்பதான் எனக்குப் புரிஞ்சுச்சு.

"நிறுத்துங்க!"ன்னேன்.

யாரும் நிறுத்தல. அதையும் நான்தானே சொல்லிக் கொடுத்தேன்.

"என்னடி, திமுதிமுன்னு கேக்குது? மாவா இடிக்கிற? முட்டி வலியோட எதுக்குடி இதெல்லாம்? புள்ளைக முன்னாடி மட்டும் மண்டி போட்டு ஜோராக் காட்டுற. வீட்டுக்கு வந்து, தைலம் தேய்ச்சு விடுங்கன்னு மாப்பிள்ளைகிட்ட அழுவுற!"

ஹாலுக்குள்ள கசமுசன்னு ஒரு சிரிப்பு. அப்புறம் துணி உரசுற சத்தம், காலை இழுத்து இழுத்து நடக்கிற சத்தம். எட்டுப் பேரும் முட்டியப் பிடிச்சுக்கிட்டு நொண்டுறாங்கன்னு பாக்காமயே தெரிஞ்சுச்சு.

ஸ்பீக்கரை அணைச்சே ஆகணும். சத்தம் வர்ற திசையைப் பாத்துக் கையை நீட்டி, தடவித் தடவி நடந்தேன். யாரோ ஒருத்தர் தோள்ல இடிச்சேன். அந்தப் புள்ள என்னைச் சுத்தி ஒரு வட்டம் போட்டு ஆடிட்டுப் போச்சு. நல்லாத்தான் ஆடுறாங்க போல!

"ஆமா, உங்க மொட்டத்தலை சாரு என்ன சொல்றாரு? இன்னும் தியரி தியரின்னு உசுர வாங்குறாரா?"

நான் சிலுவை போட்டுக்கிட்டேன். நல்லவேளை, சார் இங்க இல்ல.

அக்காவோட அடுத்த வாக்கியம் பாதியில நின்னுச்சு. அப்புறம் ஒரு அலறல்.

"ஏங்க! ஏங்க! இங்க வாங்க! அடுப்படிக்குள்ள குரங்கு!"

டமார்னு ஒரு பாத்திரம் விழுந்துச்சு. மலையடிவார ஊரு. கதவைத் திறந்து வச்சுட்டுப் போன்ல பேசினா இதெல்லாம் நடக்கும்.

"அங்குட்டுப் போகுது பாருங்க! இந்தா, இங்குட்டு வருது! கம்ப எடுங்க! வேணாம், கம்ப எடுக்காதீங்க, கடிச்சுரும்! பழத்தக் காட்டுங்க! தோல உரிச்சுக் காட்டுங்க! அய்யய்யோ, பொரியல்ல கைய வைக்குது!"

ஹாலே அதிர்ந்துச்சு. அங்குட்டுன்னா எட்டுப் பேரும் அங்குட்டு ஓடுறாங்க. இங்குட்டுன்னா இங்குட்டு. யாரோ விழுந்தாங்க. யாரோ "ஊக்"ன்னு கத்தினாங்க. என் கிளாஸ்ல! அடவைத் தவிர வேற சத்தமே கேட்காத என் கிளாஸ்ல!

"அசையாதீங்க!"ன்னா அக்கா.

ஹால்ல ஒரு சின்னச் சத்தம் இல்ல. எல்லாரும் நின்ன இடத்துலயே சிலையாயிட்டாங்க. நானும் ஒத்தக் கால்ல நின்னேன். அக்கா சொன்னா எங்க வீட்ல எல்லாரும் நிப்போம்.

"மெதுவா... மெதுவா வெளிய வா அப்பு. வா ராசா. ஒண்ணும் பண்ண மாட்டோம்."

இதுதான் சமயம்னு ரெண்டு எட்டு முன்னாடி வச்சேன். கையில டேபிள் தட்டுப்பட்டுச்சு. அப்பாடா! ஸ்பீக்கர் அது மேலதான் இருக்கு. உருண்டையா, வழவழன்னு, நடு உச்சியில ஒரு பட்டனோட.

கையை நகர்த்தினேன். உருண்டையா இருந்துச்சு. வழவழன்னு இருந்துச்சு. பட்டனைத் தேடி உச்சியில அழுத்தினேன். ஒண்ணும் அணையல. இன்னும் கொஞ்சம் பலமா அழுத்தினேன். ஏன் இம்புட்டு சூடா இருக்கு? ரொம்ப நேரம் ஓடிருச்சோ? கொஞ்சம் கீழ இறங்கித் தடவினேன். கண்ணாடி.

ஸ்பீக்கருக்கு எதுக்குக் கண்ணாடி?

அதுக்கும் கீழ மெத்துன்னு ஒண்ணு தட்டுப்பட்டுச்சு. அதையும் அழுத்தினேன்.

"மேடம்"ன்னு ஒரு குரல். "அது என் மூக்கு."

அருள்தாஸ் சார்!

என் உயிரே போயிருச்சு. துப்பட்டாவை ஹேர்பின்னு, பூ, கொஞ்சம் மயிரோட சேர்த்து உச்சிக்கு மேல உருவி எடுத்தேன். டேபிளை ஒட்டிப் போட்டிருந்த நாற்காலியில சார் கண்ணாடி கோணலா உக்காந்திருந்தார். பக்கத்து நாற்காலியில எக்ஸாமினர் மேடம். சீக்கிரமே வந்துட்டாங்களாம். தொந்தரவு பண்ண வேண்டாம்னு சத்தமில்லாம வந்து உக்காந்திருக்காங்க. எப்ப வந்தாங்க? அக்கா 'மொட்டத்தலை'ன்னதுக்கு முன்னாடியா, பின்னாடியா? கேக்கத் தைரியம் வரல.

"அணைச்சிருங்க மேடம்"ன்னு சார் பல்லைக் கடிச்சுக்கிட்டு முணுமுணுத்தார்.

விரலைப் பட்டனுக்குக் கொண்டு போனேன்.

அப்ப ஸ்பீக்கர்ல புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு. ரொம்பக் கிட்ட. அப்புறம் "கீக்"ன்னு ஒரு சத்தம். தூரத்துல எங்க அக்கா குரல் தழுதழுத்துச்சு.

"போனக் குடுத்துரு அப்பு. அது புதுசுடா."

குரங்கு கையில போன்!

நான் திரும்பிப் பாத்தேன்.

மணிமேகலை ஒரு மூலையில கவுந்து படுத்து, தரையில காதை வச்சுக் கேட்டுக்கிட்டிருந்தா. அவளை யாரும் பாக்கல. அவளும் யாருக்காகவும் ஆடல. ஒருத்தி சுவத்தைத் தடவித் தடவி ஏறப் பாக்குறா. ரெண்டு பேரு கை கோத்து இடிச்சுக்கிட்டு, விலகி, மறுபடியும் தேடிக்கிட்டுப் போறாங்க. ஒருத்தர் மாதிரி ஒருத்தர் இல்ல.

நடு ஹால்ல பிரவீணா. குத்தவச்சு உக்காந்து, தலையைச் சாய்ச்சு, அந்த மூச்சுக்கு ஏத்த மாதிரி தோளை ஏத்தி இறக்கிக்கிட்டு இருந்தா. "கீக்"னதும் துள்ளினா. கால் வழுக்கி தொப்புன்னு விழுந்தா.

போச்சுன்னு நினைச்சேன். இப்ப எந்திரிச்சு அழுகப் போறா.

அவ எந்திரிக்கல. விழுந்த இடத்துலயே ஒரு உருண்டு உருண்டா. சிரிச்சா. அந்தச் சிரிப்பையும் சேர்த்து, கையால தரையைத் தட்டித் தட்டி ஒரு தாளம் போட்டா. அது எந்த அடவுலயும் வராது. எங்க குருவே சத்தியமா எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததில்ல.

"மேடம், அணைங்க"ன்னார் சார் மறுபடியும்.

நான் ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கிட்டேன்.

அக்கா இன்னும் என்னெல்லாம் பேசுவாளோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். பேசட்டும்.

கொஞ்ச நேரம் கறுக்கு முறுக்குன்னு மெல்லுற சத்தம். எட்டுப் பேரும் மெதுவா, ரொம்ப மெதுவா, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு அசைஞ்சாங்க. அப்புறம் தொம்முன்னு போன் விழுந்துச்சு. ஓட்டு மேல தடதடன்னு ஓடுற சத்தம். அமைதி.

அக்கா மூச்சு வாங்கிக்கிட்டே போனை எடுத்தா.

"ஸ்டெல்லா, இன்னும் லைன்லதான் இருக்கியாடி? எல்லாம் போச்சுடி. சட்டியோட கவுத்துருச்சு. நீயே ஒரு ரசம் வச்சுரு."

கட்டாயிருச்சு.

எட்டுப் பேரும் ஒருத்தர் பின்னால ஒருத்தரா, அப்படியே தரையில சரிஞ்சாங்க. பொரியல் போன துக்கத்தை அதுக்கு மேல யாரும் காட்ட முடியாது.

எக்ஸாமினர் மேடம் எந்திரிச்சு நின்னு கை தட்டினாங்க.

புள்ளைங்க கண்கட்டை அவுத்துட்டு, ஆளுங்களைப் பாத்து வெலவெலத்துப் போயிட்டாங்க.

"அந்த ஒலிப்பதிவு யார் தயார் பண்ணினது?"ன்னு மேடம் கேட்டாங்க. "அந்தக் குரங்கு ஒலி அவ்வளவு நிஜமா இருந்தது!"

நான் வாயைத் திறந்தேன். பிரவீணா முந்திக்கிட்டா.

"அது நிஜக் குரங்குதான் மேடம். மிஸ்ஸோட அக்கா வீட்ல. லைவ்."

மேடம் என்னைப் பாத்தாங்க. நான் தலைவிரி கோலமா துப்பட்டாவைக் கையில பிடிச்சிட்டு நின்னேன். அவங்க சிரிக்க ஆரம்பிச்சாங்க. சிரிச்சு, கண்ணைத் துடைச்சு, மறுபடியும் சிரிச்சாங்க. சார் மட்டும் கண்ணாடியை நேராக்கிக்கிட்டே இருந்தார்.

"அப்ப இது பரீட்சைல சேராதுல்ல?"ன்னார், கொஞ்சம் ஆசையா.

"ஏன் சேராது?"ன்னாங்க மேடம். "ஆடினது புள்ளைங்க. குரங்கு இல்லையே."

பிரவீணா கிட்டப் போய், "விழுந்தப்ப என்ன நினைச்சே?"ன்னு கேட்டாங்க.

"ஒண்ணும் நினைக்கல மேடம். போன் உடைஞ்சிருமோன்னு மட்டும் பயமா இருந்துச்சு."

அதுக்கு மேல என்ன கேக்கணும்? மேடம் அவ தோளைத் தட்டிட்டுப் போயிட்டாங்க. பேப்பர் பிழைச்சிருச்சு!

சார் வாசல்ல என்னை நிறுத்தினார்.

"போன்ல மொட்டத்தலை சாருன்னு யாரையோ சொன்னாங்களே?"

"அது... கன்னிவாடியில ஒரு சார், சார்."

"அங்கயும் தியரிதான் சொல்லித் தர்றாரா?"

நான் மேல பாத்தேன். ஹால்ல சீலிங் நல்லா இருந்துச்சு.

"சரி விடுங்க. பேப்பர் அப்படியே இருக்கட்டும். ஆனா அடுத்த தடவை நீங்க கண்ணைக் கட்டுறதா இருந்தா முன்கூட்டியே சொல்லிருங்க. நான் வெளியவே நின்னுக்கிறேன்"னு மூக்கைத் தடவிக்கிட்டே போனார்.

மத்தியானம் அக்கா வெறுங்கையோட வந்தா. ரசமும் அப்பளமும் சாப்பிட்டோம். விஷயத்தைச் சொன்னேன். திட்டப் போறான்னு பாத்தா, "புள்ளைக நல்லா ஆடுச்சுகளா?"ன்னு மட்டும் கேட்டா. ஆமான்னேன். இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கிட்டா.

எனக்குக் கால் தரையில நிக்கல. இனிமே என் புள்ளைங்க பயப்பட மாட்டாங்க. திங்கக்கிழமை வகுப்புக்குச் சிங்கம் மாதிரி போனேன். "இன்னைக்கும் மனோதர்மம்தான். தோணுறத ஆடுங்க!"

எட்டுப் பேரும் சட்டுன்னு ஒரே வரிசையில நின்னாங்க. ஒரே நேரத்துல முட்டியப் பிடிச்சாங்க. ஒரே பக்கம் நொண்டினாங்க. ஒரே தாளத்துல குத்தவச்சாங்க. ஒரே மாதிரி தொப்புன்னு விழுந்து, ஒரே பக்கமா உருண்டு, ஒண்ணு போல சிரிச்சு எந்திரிச்சாங்க.

"சனி ஞாயிறு பூரா ஹாஸ்டல் மாடியில ப்ராக்டிஸ் பண்ணினோம் மிஸ்! பிரவீணாதான் சொல்லிக் கொடுத்தா!"

பிரவீணா வெக்கமாச் சிரிச்சா. ஒரு இம்மி பிசகல. அப்படி ஒரு சுத்தம்.

வெளிய வந்து அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, உங்க பக்கம் உடும்பு ஏதும் வீட்டுக்குள்ள வருமா?"